தேய்வதற்கென்றே அமைந்த தகடு: கான்கிரீட் கலவைக் கலன்களின் உள்ளுறையும் அதற்குரிய தமிழும்

ஆயத்தக் கான்கிரீட் நிலையம் ஒன்றில் நிறுவப்பட்ட இரட்டைத் தண்டுக் கலவைக் கலன் ஒரு தடவைக்கு 3 கனமீட்டர் கான்கிரீட்டைக் கலந்து தருவதாகக் கொள்வோம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். எனவே ஒவ்வொரு தடவையும் கருங்கல் சல்லி, மணல், சிமெண்டு, நீர் ஆகியவை சேர்ந்து 7.2 டன் அளவுக்குக் கலனுள் புரள்கின்றன. நாளொன்றுக்கு நூறு தடவை கலந்தால் 720 டன் பொருள் அத்தொட்டியின் அடிப்பரப்பை உராய்ந்து செல்லும். தொட்டியின் உடலோ சாதாரண மென் எஃகுத் தகட்டால் ஆனது. அத்தகடு இவ்வுராய்வை நேரே ஏற்குமாயின் விரைவில் மெலிந்து ஓட்டை விழும்; அப்போது மாற்ற வேண்டுவது கலன் முழுவதுமாகும். இவ்விழப்பைத் தவிர்க்கவே தொட்டியின் உட்புறம் முழுதும் சிறு சிறு தகடுகள், தரையில் ஓடு பதித்தாற்போல, திருகாணிகளால் பொருத்தப்படுகின்றன. தொழிற்கூடங்களில் ‘லைனர்’ என்று வழங்கும் இத்தகடுகளின் இயல்பையும், அவற்றைப் பற்றிப் பேசத் தமிழ் எவ்வாறு இடம் தருகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இவ்விரண்டு வினாக்களும் தனித்தனியே நிற்பன அல்ல. தேய்ந்த தகட்டை மாற்ற ஒரு மனிதர் கலனுள் இறங்க வேண்டும். சிங்கப்பூரின் கட்டுமானத் துறையில் பணிபுரியும் வெளிநாட்டு ஊழியருள் தமிழகத்திலிருந்து வந்தோரும் உளர். அவர்களுக்குத் தரப்படும் அறிவுரை எத்தமிழில் அமைகிறது என்பது கண்ணையும் கையையும் பொறுத்த செய்தி.

உறை, பூச்சு, புறணி

‘லைனிங்’ என்பதற்கு அகராதிவழி முதலில் கிடைப்பன ‘பூச்சு’, ‘புறணி’ என்னும் இரு சொற்கள். இரண்டும் இங்குப் பொருந்தா. பூச்சு என்பது பரப்பின்மீது பூசப்பட்டு அதனோடு ஒட்டி ஒன்றாவது. வண்ணப்பூச்சு, ஈயப்பூச்சு என்பன போல. அதனைக் கழற்ற இயலாது. கலனின் லைனரோ கழற்றி மாட்டுவதற்கென்றே அமைந்தது. ‘லைனரைச் சோதிக்கவும்’ என்னும் அறிவுரை ‘பூச்சைச் சோதிக்கவும்’ என்று பெயர்க்கப்பட்டால், படிப்பவர் தகட்டின் தடிமனை அளக்காமல் வண்ணம் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ‘புறணி’ மரப்பட்டையையும் உறுப்புகளின் வெளிப்புற அடுக்கையும் குறிப்பது. புறம் என்பதே அச்சொல்லுள் நிற்கிறது. உட்புறத் தகட்டைப் புறணி எனல் முரண். மேலும், பேச்சுவழக்கில் புறணிக்கு உள்ள பொருளை நினைத்தால், ‘புறணியைக் கழற்றுக’ என்னும் பலகையின்முன் ஊழியர் சிரிக்காமல் நிற்பது கடினம்.

‘உறை’ என்னும் சொல் இவ்வாறன்று. வாளுறை, தலையணை உறை என்று வெளியே போர்த்துவதை மட்டும் அது குறிப்பதாகப் பலர் கருதுவர். உறைகிணற்றை நோக்கினால் அக்கருத்து மாறும். மண் சரியாதபடி கிணற்றின் உட்சுவரை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்படும் வளையத்திற்கும் உறை என்றே பெயர். கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணறுகளைக் கண்டோர் இதனை நன்கறிவர். இன்று அதே வளையம் சிமெண்டால் வார்க்கப்படுகிறது. கிணறு வெட்டுவோர் இன்றும் ‘உறை இறக்குதல்’ என்கின்றனர். உட்புறத்தை ஒட்டி நிற்பது, பல துண்டுகளால் ஆனது, பின்னுள்ள ஒன்றைக் காப்பது என்னும் மூன்று பண்புகளும் கிணற்றுறைக்கும் கலன் தகட்டிற்கும் பொது. எனவே ‘உள்ளுறை’ என்பதை லைனருக்கு உரிய சொல்லாக இக்கட்டுரை ஆள்கிறது. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் நினைவுக்கு வருவது இயல்பே. அங்கு உறை என்பது உறைதல், அதாவது தங்குதல். இங்கு அது உறை என்னும் பெயர். வடிவம் ஒன்று, வழி வேறு. கவிதையியலார்க்கு இதனால் இடர் எதுவும் நேராது.

தேய்வதற்கென்றே ஓர் உறுப்பைச் செய்து பொருத்தும் எண்ணம் தமிழ்த் தொழில் வாழ்வுக்குப் புதிதும் அன்று. உலக்கையின் நுனியிலுள்ள இரும்புப் பூண், மரக்கலப்பையின் கொழு, மாட்டின் குளம்பில் அடிக்கும் லாடம் ஆகிய மூன்றும் இத்தகையனவே. பூண் தேய்ந்தால் பூணை மாற்றுவர், உலக்கை நிற்கும். கொழு மழுங்கினால் கொல்லனிடம் செல்லும். கலப்பை வீட்டில் இருக்கும். பொறியியல் நூல்கள் ‘தியாக உறுப்பு’ என்று இன்று சொற்பெயர்ப்புச் செய்யும் கருத்து, உலக்கைப் பூணில் எந்தத் தத்துவ ஆரவாரமும் இன்றி இருந்து வந்துள்ளது. உள்ளுறையை விளக்க முற்படும் ஆசிரியர் பூணிலிருந்து தொடங்கினால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

தேய்வு ஒருவகைத்து அன்று

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழி காட்டுவது ஒருவகைத் தேய்வை மட்டுமே. சிறு சுமை, நீண்ட தொலைவு, மெல்லிய இழப்பு என்பது அது. இவ்வகையை 1953இல் ஆர்ச்சர்டு என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். இழக்கப்படும் பருமன், அழுத்தும் சுமைக்கும் உராயும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், பரப்பின் கடினத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது அதன் சாரம். கலனின் அடிப்பகுதி பக்கச்சுவரினும் விரைந்து தேய்வதற்கு இதுவே காரணம். சல்லியின் முழு எடையும் அங்கே அழுத்துகிறது. ஆகவேதான் எல்லாத் தகடுகளையும் ஒரே நாளில் மாற்றுவது பல இடங்களில் வீண் செலவாகிறது. அடித்தகடு இருமுறை மாறும் காலத்தில் மேல்தகடு ஒருமுறைகூட மாறாது இருக்கலாம்.

கலனுள் நிகழும் இரண்டாம் வகைத் தேய்வு கொடியது. தண்டில் பொருத்திய துடுப்புகளின் நுனிக்கும் உள்ளுறைக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியே விடப்படும். துடுப்பு தேயத் தேய அவ்விடைவெளி அகலும். அது மிகக் குறுகியதாக இருக்கும்வரை மணல் மட்டுமே அதனுள் புகும். சல்லி துடுப்பின் முன்னே தள்ளப்பட்டுச் செல்லும். அகன்று 10 மில்லிமீட்டரை எட்டினால் சிறு சல்லி உள்ளே நுழைந்து சிக்குகிறது. அப்போது கல் உருளாது. துடுப்பின் முழு விசையும் ஒரு கல்லின் கூர்முனை வழியாகத் தகட்டில் இறங்குகிறது. விளைவது உராய்வன்று, உழவு. தகட்டில் சால் சாலாகக் கோடு விழும். சில வேளை தகடே பிளக்கும். துடுப்பின் நுனியைக் குறித்த காலத்தில் இறக்கிப் பொருத்தி இடைவெளியைக் காப்பது, விலையுயர்ந்த உள்ளுறை வாங்குவதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும். நிலையங்களில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கிறது. துடுப்பைச் சரிசெய்யக் கலனை நிறுத்த வேண்டும். கலன் நின்றால் லாரிகள் நிற்கும். தகடு வாங்கப் பணம் ஒதுக்குவது அதனினும் எளிதாகத் தோன்றும்.

மூன்றாவது வகை, மேலிருந்து கொட்டப்படும் கல்லின் மோதல். துகள் மோதும் கோணத்திற்கும் இழப்பிற்கும் உள்ள தொடர்பை 1960இல் ஃபின்னி ஆராய்ந்து எழுதினார். வளையும் இயல்புடைய உலோகம் சாய்ந்து வரும் துகளால், ஏறத்தாழ 20 முதல் 30 பாகைக் கோணத்தில், மிகுதியாகச் செதுக்கப்படும். நொறுங்கும் இயல்புடைய பொருளோ செங்குத்தாக விழும் துகளால் மிகுதியாகச் சிதையும். ஆகவே ஒரே கலனுள் கல் விழும் இடத்திற்கும் கல் உராயும் இடத்திற்கும் வெவ்வேறு உறை வேண்டப்படலாம்.

‘கெட்டி’ என்னும் சொல்லின் இடர்

எத்தகு பொருளால் உள்ளுறை செய்வது என்னும் வினாவிற்கு விடை தேடும்போது தமிழ்ப் பேச்சுவழக்கு ஒரு குழப்பத்தைத் தருகிறது. ‘கெட்டியான தகடு’ என்று ஒருவர் சொன்னால், அது எளிதில் கீறல் விழாத தகடா, எளிதில் உடையாத தகடா, தடித்த தகடா என்பது விளங்காது. முதலாவது கடினம், இரண்டாவது உடையாமை. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றற்கொன்று எதிரிடை. கண்ணாடி கடினமானது, உடையாமை அதற்கு இல்லை. செம்பு உடையாது, கடினம் அதற்கு இல்லை.

கான்கிரீட் கலனில் எதிர்நின்று தேய்ப்பது பெரும்பாலும் மணலிலும் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்சு என்னும் கனிமம். விக்கர்ஸ் அளவையில் அதன் கடினம் ஏறத்தாழ 1,000. மென் எஃகு ஏறத்தாழ 130. தேய்வெதிர்ப்புக்கெனச் சூடேற்றித் தணித்துச் செய்யப்படும் சிறப்பெஃகுத் தகடு ஏறத்தாழ 530. தேய்க்கும் துகளின் கடினம் பரப்பின் கடினத்தைவிடச் சுமார் 1.2 மடங்கு மிகுந்தால் தேய்வு வேகம் பெறும் என்பது தேய்வியலார் ஏற்கும் கணக்கு. இக்கணக்கின்படி சிறப்பெஃகும் குவார்ட்சுக்குத் தோற்கவே செய்யும். மெதுவாகத் தோற்கும் என்பதே அதன் சிறப்பு. குரோமியம் மிகுந்த வெண் வார்ப்பிரும்பு வேறு வழியில் வெல்கிறது. அதனுள் குரோமியக் கார்பைடு மணிகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் கடினம் 1,200க்கு மேல். மணல் துகள் அம்மணிகளைக் கீற இயலாது. இடைப்பட்ட இரும்பை மட்டுமே அரிக்கும். நிக்கல் சுமார் 4 விழுக்காடும் குரோமியம் சுமார் 2 விழுக்காடும் கலந்த ‘நை-ஹார்டு’ வார்ப்பிரும்பும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

மாங்கனீசு எஃகின் செய்தி இங்குத் தனியே நோக்கத்தக்கது. செஃபீல்டு நகரின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த இவ்வெஃகில் மாங்கனீசு 12 விழுக்காட்டிற்கு மேல் உள்ளது. அடிக்க அடிக்கக் கடினமாவது அதன் புகழ். பிரினெல் அளவையில் 200 அளவிலிருந்து தொடங்கி, பலத்த அடிபட்டபின் மேற்பரப்பு 500ஐ எட்டும். கல்லுடைக்கும் பொறியின் தாடைகளுக்கு இதனினும் ஏற்றது அரிது. அப்புகழை நம்பிக் கலவைக் கலனுக்கும் இதனையே வாங்குவோர் உண்டு. கலனுள் உராய்வு உண்டு. கல்லுடைக்கும் அளவுக்கு அடி இல்லை. அடி இல்லாத இடத்தில் இவ்வெஃகு கடினமாகாது. தொடக்கக் கடினத்திலேயே நின்று மணலால் தேய்ந்துபோகும். ‘கெட்டியான எஃகு’ என்று மட்டும் கேட்டு வாங்குவதன் விளைவு இது.

வெண் வார்ப்பிரும்புக்கும் ஒரு விலை உண்டு. அது நொறுங்கும். கலனுள் இறுகிப்போன கான்கிரீட்டை உடைக்கச் சம்மட்டியால் அடித்தால் தகடு விரிசலிடும். அதனினும் கொடியது, கடினத் தகட்டின்மேல் எஃகுச் சுத்தி படும்போது கூரிய சில்லு தெறித்தல். ‘தகடு மிகக் கெட்டியானது’ என்று கேட்ட ஊழியர், அடித்தாலும் தாங்கும் என்றே பொருள் கொள்வார். அவருக்குச் சொல்ல வேண்டுவது, ‘தகடு கடினமானது, ஆகவே உடையும், அடிக்காதீர்கள்’ என்பது. இவ்விடத்தில் ‘ஆகவே’ என்னும் இணைப்புச் சொல்லே அறிவுரையின் உயிர்.

மணல் மாறினால் கணக்கு மாறும்

உள்ளுறையின் ஆயுளைத் தயாரிப்பாளர் இத்தனை ஆயிரம் தடவை என்று குறிப்பது வழக்கம். அவ்வெண் எந்த மணலுக்கு உரியது என்பதைக் கேட்போர் குறைவு. சிங்கப்பூர் தன் கட்டுமான மணலையும் கருங்கல்லையும் இறக்குமதி செய்கிறது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபின், அந்நாடு வேறு இடங்களை நாட வேண்டியதாயிற்று. மணலின் ஊர் மாறும்போது குவார்ட்சின் அளவும் துகளின் வடிவும் மாறக்கூடும். ஆற்றுமணல் நெடுந்தொலைவு உருண்டு முனை மழுங்கியது. கல்லை உடைத்துச் செய்யும் மணலோ கூரிய முனைகளை உடையது. தமிழகத்தில் ‘எம்-சாண்டு’ எனப்படும் இச்செயற்கை மணல் ஆற்றுமணலின் இடத்தைப் பெருமளவு பிடித்துள்ளது. ஒரே பாறையிலிருந்து பெறப்பட்டாலும், கூர்முனைத் துகள் மழுங்கிய துகளைவிட மிகுதியாகச் செதுக்கும். ஆற்றைக் காக்க எடுத்த முடிவின் ஒரு சிறு பங்கைக் கலனின் தகடு செலுத்துகிறது எனலாம். சுண்ணாம்புக் கல்லைச் சல்லியாகப் பயன்படுத்தும் இடங்களில் நிலைமை எதிர்மாறு. மோஸ் அளவையில் குவார்ட்சின் எண் 7. சுண்ணாம்புக் கல்லின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே.

ரப்பர் உறை

மென்மையான பொருளும் உள்ளுறையாகும் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். ரப்பர் கல்லை எதிர்த்து நிற்பதில்லை. அமுங்கி இடம் கொடுத்து, மீண்டு எழுந்து, கல்லைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே செங்குத்தாக விழும் கல்லுக்கும் நீரில் கலந்த நுண்துகளுக்கும் அது ஏற்றது. கூரிய கல் சாய்வாக இழுக்கப்படும் இடத்தில் கிழிந்துவிடும். எண்ணெயும் வெப்பமும் அதற்கு ஆகா. கனிமத் தொழிலின் அரைவைக் கலன்களிலும் குழம்பு செல்லும் குழாய்களிலும் இயற்கை ரப்பர் இன்றும் நிலைபெற்றிருப்பதற்கு அதன் மீள்திறனே காரணம். செயற்கை ரப்பர்கள் பலவும் இப்பண்பில் அதனை எட்டவில்லை.

புலம்பெயர் தமிழர் வரலாறு இவ்விடத்தில் தொழில்நுட்ப வரலாற்றோடு தொடுகிறது. பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் கொணர்ந்த விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். அம்மரங்களை மலாயாவின் தோட்டங்களில் நட்டு வளர்த்துப் பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். அப்பாலிலிருந்து பெற்ற ரப்பர் உலகின் எந்தச் சுரங்கத்தில் எக்கலனுக்குள் உறையாயிற்று என்பதை வெட்டியவர் அறிந்திரார். தோட்ட வாழ்வைப் பாடும் இலக்கியம் மரத்தோடும் வரிசை வீட்டோடும் நின்றுவிடுகிறது. பாலின் பிற்பயணம் ஆய்வாளர் கைபடாமலே உள்ளது.

கலனுள் இறங்குபவர்

300 மில்லிமீட்டர் சதுரமும் 15 மில்லிமீட்டர் தடிமனும் உடைய இரும்புத் தகட்டின் எடை ஏறத்தாழ 10.5 கிலோகிராம். தொட்டியின் வளைந்த அடியில், இரு தண்டுகளுக்கும் துடுப்புகளுக்கும் இடையே குனிந்தபடி, இத்தகைய தகடுகளைப் பல மணி நேரம் ஒருவர் தூக்கிப் பொருத்த வேண்டும். தேய்ந்த தகட்டின் விளிம்பு கத்திபோலக் கூர்ந்திருக்கும். திருகாணியின் தலை உள்ளே, மரை வெளியே. எனவே ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, எஃகுச் சுவருக்கு ஊடே ஒருவரையொருவர் காணாமல் வேலை செய்வர். உள்ளிருப்பவர் தமிழரும் வெளியிருப்பவர் வங்காளியும் சீனரும் ஆகலாம். ‘விடு’, ‘பிடி’, ‘நிறுத்து’ என்னும் மூன்று சொற்களேனும் இருவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன்வழி 2009இல் வந்த அடைபட்ட இடங்கள் பற்றிய விதிகளும் இத்தகைய பணிக்குரிய கட்டுப்பாடுகளைச் சொல்கின்றன. கலவைக் கலனில் நிற்கும் பெரும் அச்சம் ஒன்று: உள்ளே ஆள் இருக்கக் கலன் சுழலத் தொடங்குதல். மின்விசையை நிறுத்துவது போதாது. நிறுத்திய விசைமாற்றியைப் பூட்ட வேண்டும். உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் தம் பூட்டைத் தாமே இட்டு, சாவியைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். கலனின் அடிக்கதவு காற்றழுத்தத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ இயங்குவது. மின்சாரம் நின்றபின்னும் அவ்வழுத்தம் குழாயில் தங்கியிருக்கும். அதனை வெளியேற்றியபின் கதவைத் தாங்குகட்டையால் நிறுத்த வேண்டும்.

இவ்வறிவுரையைத் தமிழில் எழுதுவோர் ‘ஆற்றல் மூலங்களைத் தனிமைப்படுத்துக’ என்று எழுதினால் இலக்கணம் பிழையாகாது; ஆனால் பூட்டு கண்முன் வராது. ‘மின்விசையை நிறுத்துங்கள், உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவியை உங்கள் பையில் வையுங்கள், பொத்தானை அழுத்திக் கலன் ஓடவில்லை என்று பாருங்கள், பிறகு இறங்குங்கள்’ என்று எழுதலாம். மூலத்தில் மூன்று சொல்லாக இருப்பது தமிழில் ஐந்து தொடராவதால் குறையொன்றும் இல்லை. வேலை முடிந்தபின் பூட்டைக் கழற்றுவதற்கும் இதே ஒழுங்கு உண்டு. உள்ளே சென்றோர் அனைவரும் வெளியே வந்து எண்ணப்பட வேண்டும். சுத்தியும் திருகியும் எண்ணப்பட வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைத் தம் கையாலேயே திறக்க வேண்டும். வராத ஒருவரின் பூட்டைப் பிறர் அறுத்தெறிந்துவிட்டுக் கலனை இயக்கக் கூடாது. அவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் தேட வேண்டும்.